ஐம்பதை விற்றது குறித்து, சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

லைக்கா எம்3 கேமராவையும் அதோடு நீங்கள் கொடுத்த 50 எம்எம் சம்மிக்ரான் லென்ஸையும் சென்ற மாதம் விற்றுவிட்டேன். தம்பி மூலம் செய்தி உங்கள் காதுக்கு வந்திருக்கும். அவன் அதை எந்தத் தொனியில் சொல்லியிருப்பான் என்பதையும் ஊகிக்க முடிகிறது. வாங்கியவர் யார், விலை என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை, ஏனெனில் நம் உறவினர் பலரும் இதைப் படிப்பார்கள். கேட்டால் உங்களுக்கு மட்டும் நேரில் சொல்கிறேன். அந்தக் கேமரா உங்கள் கைக்கு வந்த கதையையும் நான் தொடவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வந்த பணத்தில் ஒரு பழைய லைக்கா எம்2-வும், ஐம்பதைவிட அகலமாகப் பார்க்கும் வாய்க்லாண்டர் 35 எம்எம் கலர் ஸ்கோபார் லென்ஸும் வாங்கியிருக்கிறேன். இனி எனக்கு இந்த ஒரு லென்ஸ்தான். பையில் இன்னொன்று இருக்காது. "ஒத்த லென்ஸோட குடும்பம் நடத்தத் தெரியாதவனுக்கு நாலு எதுக்குடா" என்று ஸ்டுடியோவில் வைத்து நீங்கள் திட்டியதை நான் மீறவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எந்த லென்ஸ் என்பதில்தான் பிரிந்துவிட்டோம்.

லென்ஸை மட்டும் மாற்றியிருக்கலாமே, உடலை ஏன் விற்றாய் என்று கேட்பீர்கள். எம்3-இன் வ்யூஃபைண்டரில் 35-க்குப் படத்தின் எல்லை காட்டும் கோடு இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே தனி ஃபைண்டர் செருகிப் பார்த்தேன். ஒரு சாளரத்தில் ஃபோகஸ் பார்த்து, கண்ணை நகர்த்தி இன்னொன்றில் சட்டம் பார்ப்பதற்குள் ஆள் போய்விடுகிறார். எம்3-க்கென்றே மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டதுபோல் ஒரு 35 உண்டல்லவா, அதையும் தேடினேன். கையில் கிடைத்ததில் பூஞ்சை படர்ந்திருந்தது. அதன் பிறகுதான் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த பிறகும் பல நாள் அந்தப் பெட்டியை அலமாரியிலிருந்து எடுப்பதும் மறுபடி வைப்பதுமாகவே இருந்தேன் என்பதைத் தம்பி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.

காரணம் வேண்டுமென்றால் மதுரைக் கீழ மாசி வீதிக்குக் காலையில் ஒருமுறை வந்து பாருங்கள். மூட்டை இறக்குபவர்களுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே நின்றுகொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்ப நேரமிருப்பதில்லை. 400 பிலிம், நிழல் பக்கத்தில் 1/250 நொடி, லென்ஸ் துவாரம் 8, தூரம் 3 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துவிட்டால், 35-இல் ஏறத்தாழ 1.9 மீட்டர் தொடங்கி 7 மீட்டர் வரை தெளிவாக விழுகிறது. அதே கணக்கில் 50 தருவது 2.3 மீட்டரிலிருந்து 4.2 வரைதான். அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலோ, தோல் பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுபவர் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறார்; 50-ஐ வைத்துக்கொண்டு பின்னால் போகலாம் என்றால் முதுகுக்குப் பின்னே கால் வைக்க இடமில்லை. உங்கள் சம்மிக்ரான் ஒரு மீட்டருக்குள் வராது; இது 70 சென்டிமீட்டர் வரை வருகிறது.

இவை எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனாலும் யோசிக்க உட்காரும்போதெல்லாம் மனம் போய் நின்றது கீழ மாசி வீதியில் இல்லை.

செல்லூர் வீட்டில் அப்பத்தாவை நீங்கள் படமெடுத்த மதியம். தறிக்குழியின் விளிம்பில் அப்பத்தா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார், ஒட்டினாற்போல் நான். ஓட்டில் பதித்திருந்த கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் அவர் முகத்தின் ஒரு பாதியிலும் பாவின் மீதும் விழுந்திருந்தது. உங்கள் முதுகு எதிர்ச்சுவரில் முட்டிவிட்டது, அதற்குமேல் பின்வாங்க வழியில்லை. கேமராவை நிமிர்த்திப் பிடித்தபடி, கண்ணை எடுக்காமலே, "தள்ளிக்கடா, கோட்டுக்குள்ள வர்ற" என்றீர்கள். "பிள்ள இருந்துட்டுப் போகுது" என்றார் அப்பத்தா. நீங்கள் இரண்டாம் முறையும் சொன்னீர்கள். நான் நகர்ந்தேன், அப்பத்தா என் விரல்களை மட்டும் விடவில்லை.

பிற்பாடு உங்கள் இருட்டறையில் வேலை பழகும்போது அந்த நெகட்டிவை விளக்கில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எம்3-இன் கோடுகள் கிட்டத்துக்கு அளந்து போட்டவை. தள்ளி நிற்க நிற்க, கோட்டுக்கு வெளியே இருப்பதும் கொஞ்சம் பிலிமில் விழும். அந்தக் கொஞ்சத்தில் என் மூன்று விரல்கள், நெகட்டிவாகையால் கரிபோலக் கறுத்து, அப்பத்தாவின் உள்ளங்கைக்குள் இருந்தன. 'இந்து' என்ற புகைப்படத் தாளில் பெரிதாக்கும்போது நீங்கள் அந்த ஓரத்தை மறைத்துவிட்டீர்கள். ஊட்டியில் அந்தத் தாளைத் தயாரித்த ஆலையும் இன்று இல்லை, நம் செல்லூர் வீடும் இல்லை. வீட்டின் உட்புறம் தெரியும் படம் ஒன்றுகூட நம் குடும்பத்தில் யாரிடமும் இல்லை. வீடு கைமாறிய விதத்தைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் எழுத மாட்டேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மீட்டர் தூரத்தில் நிமிர்த்திப் பிடித்த 50 எடுக்கும் அகலம் 96 சென்டிமீட்டர். அதே இடத்திலிருந்து 35 எடுப்பது 137. இடைப்பட்ட 41 சென்டிமீட்டரில் ஒரு சின்னப் பையன் தாராளமாக உட்காரலாம். ஆனால் நீங்கள் கேமராவைப் படுக்கையாகப் பிடித்திருந்தாலும் நான் உள்ளே இருந்திருப்பேன், சித்தப்பா. அதைச் சொல்லாமல் விட்டால் ஒரு கண்ணாடித் துண்டின் மீது பழி போட்டவனாவேன். நீங்கள் அப்பத்தாவைத் தனியாகத்தான் எடுக்க நினைத்தீர்கள்.

எடுத்ததும் எப்பேர்ப்பட்ட படம்! பின்னணி முழுக்க இருட்டில் கரைந்து, அந்த முகம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. துவாரத்தை 2-க்குத் திறந்து, 1/30 நொடிக்கு மூச்சைப் பிடித்து நின்றீர்கள். அந்த நிதானம் எனக்கு இன்றுவரை வரவில்லை. காரியத்தன்று மாலை போட வேறு படத்தைத் தேடும் வேலையே இல்லாமல் போனது. உங்கள் அம்மாவை நீங்கள் பார்த்தபடி ஊரே பார்க்கிறது. எங்களுக்குத்தான் அந்தக் கூடம் தெரியவில்லை.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரஸோன் பெரும்பாலும் 50-ஐயே நம்பினார் என்பீர்கள். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்த இரவில் அவர் திருவண்ணாமலையில் இருந்ததைச் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு தனி உரிமை வந்துவிடும். அவர் நம் ஊர்களுக்கு வந்து, பார்த்து, போனவர். அந்தத் தூரம் அவருக்கு இயல்பாகவே அமைந்தது. நான் படமெடுக்கிறவர்களில் பாதிப்பேருக்கு என் அப்பாவின் பெயர் தெரியும். டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று அவர்களை உற்றுப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, கிட்டே போனால் 50-இல் முகத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

28-ஐயும் யோசித்தேன், அது ஓரத்தில் நிற்பவர் முகத்தை இழுத்துவிடுகிறது, எம்2-இல் அதற்குக் கோடும் இல்லை. 40 என்பது இருவரையும் சமாதானப்படுத்தும் வேலை. வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

விற்கும் முன் உங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டீர்கள், மௌனமாக இருந்திருப்பீர்கள். அந்த மௌனத்துக்குப் பயந்து நானும் விற்றிருக்க மாட்டேன். மனம் வருந்தியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கொடுத்த பொருளைக் கொடுத்த பிறகும் ஒவ்வொரு தீபாவளிக்கும் "ஐம்பது எப்படி இருக்கு" என்று விசாரித்தீர்களே தவிர, அதில் நான் என்ன எடுத்தேன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அந்த நெகட்டிவ் வேண்டும். முழுச் சட்டத்தையும், ஓரம் வெட்டாமல், ஒரு பிரதி போட்டுக்கொண்டு திருப்பித் தருகிறேன். தம்பியிடம் கொடுத்தனுப்பினால் போதும். நேரில் வா என்று நீங்கள் சொன்னால், எம்2-வையும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்