அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்பு மகனுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நாங்கள் இருவரும் சுகம். மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

பெங்களூரில் எங்களுக்கென்று தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். "நல்ல எண்ணத்தோடதானப்பா செய்றேன், ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப் போறார்?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. மூன்று நாளாக அதுவேதான் மனசில் ஓடுகிறது.

ஆலயம் கட்ட ஆசைப்பட்ட தாவீது ராஜாவிடம் வேண்டாம் என்றுதானே சொன்னார், தம்பி? தான் கேதுருமர வீட்டில் இருக்க, கர்த்தருடைய கற்பலகைகள் வைத்த உடன்படிக்கைப் பெட்டி கூடாரத்தில் இருப்பது அவனுக்குப் பொறுக்கவில்லை. அதைவிட நல்ல எண்ணம் எது? நாத்தான் தீர்க்கதரிசியும் கேட்ட மாத்திரத்தில், போய்ச் செய்யும் என்றுவிட்டார். அன்று ராத்திரியே கர்த்தருடைய வார்த்தை வந்து, சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. உங்கள் சபைப் போதகர் "நல்ல காரியம்" என்றாராம். தீர்க்கதரிசிக்கே அந்தக் கதி, பார்த்துக்கொள். பின்னால் அவன் மகன் சாலொமோன், தான் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையில் சொல்கிறான், அந்த விருப்பம் நல்லதுதான் என்று கர்த்தரே தாவீதிடம் சொன்னாராம். நல்லதுதான், ஆனால் கட்டப்போவது நீயல்ல. இத்தனை வருஷம் வாசித்தும் இதை நான் அறுபது வயதுக்கு மேல்தான் கவனித்தேன்.

1998-ல் உங்கள் ஆச்சியை மெய்ஞ்ஞானபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்தேனே, உனக்கு மங்கலாக நினைவிருக்கும். தனியாகக் கிடக்கிறாளே என்றுதான். வேன் பேசினேன், கட்டில் வாங்கினேன், ஆஸ்பத்திரி பக்கம் என்று கணக்குப் போட்டேன். எல்லாம் முடிந்து வேன் கிளம்பும்போது, "ஆண்டவரே, ஆசீர்வதியும்" என்று ஒரு ஜெபம். அதற்குப் பெயர் கேட்பதா, கையெழுத்து வாங்குவதா? ஆச்சியையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர் வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தாள். படுக்கும்போது அவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைப்பாள், விடிந்ததும் மறுபடி முடிச்சு. குறை என்று எதுவும் சொன்னதில்லை. ஏழு மாதம் இருந்தாள். கடைசியில் அந்த முடிச்சை அவிழ்த்தது உன் அம்மா.

அதற்காக வசனம் தேடி உட்காராதே. வருஷப் பிறப்பில் சபையில் எடுக்கிற வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை மாதிரி, பிடித்தது வரும்வரை எடுத்துக்கொண்டே இருக்கலாம். நானே எடுத்திருக்கிறேன். தாவீது அந்தப் பதிலைக் கேட்டபின் உள்ளே போய், கர்த்தர் சமுகத்தில் உட்கார்ந்தான் என்றிருக்கிறது. நீயும் ஒரு இரண்டு வாரம் அப்படி இரு. வேண்டாம் என்று வந்தாலும் ஏற்றுக்கொள்கிற மனசோடு இருக்கவேண்டும், அதுதான் பாடு. நானும் இங்கே ஜெபிக்கிறேன். வர எனக்கு ஆசை இல்லாமலில்லை, பேரப்பிள்ளைகள் அங்கேதானே இருக்கிறார்கள். அதனாலேயே என் ஆசையின்மேலும் எனக்குச் சந்தேகம்.

அதுவரை வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீயே கேள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு, கோழியை அடைத்துவிட்டு உள்ளே வந்திருப்பாள்.

அன்புடன்,
அப்பா