வல்லாரையும் அம்மையின் மாத்திரையும்

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் வந்து சில நாளாயிற்று. கன்னிப்பூ அறுப்பும் மழையும் சேர்ந்து வந்துவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. நெல்லை முற்றத்துக்கும் திண்ணைக்குமாக மாற்றிப் போட்டு ஒருவழியாகக் காயவைத்துவிட்டோம்.

அம்மை துவையலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் கையை எடுத்துவிட்டு, "இது எதுக்குல அரைக்கேன்?" என்று உன்னிடம் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குமேல் கொஞ்ச நேரம் என்னால் படிக்க முடியவில்லை மக்கா. எனக்கும் சேர்த்துச் சோறு போட்ட கை அல்லவா அது.

வல்லாரையும் நீர்ப்பிரமியும் சேர்ந்த காப்ஸ்யூல் கொடுத்துவிட்டு, அல்சைமர் என்ற மறதிநோய்க்கு டாக்டர் தந்த டோனெபெசில் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறாய். நிறுத்தாதே. அந்த மாத்திரை நோயைத் தீர்க்காது. ஆனால் மூளையில் நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சிதைவதைக் குறைத்து, கொஞ்ச காலத்துக்காவது நினைவைத் தாங்கிப் பிடிக்கும்.

மூலிகையை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. மருந்துவாழ்மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த எண்ணம் வராது. இதே நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமைன், ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுச் செடியிலிருந்து கிடைத்ததுதான். அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, அளவு கண்டு, நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த பிறகே 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். நினைவுக்கு நல்லது என்று விற்கும் ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றையும் அப்படித்தான் சோதித்தார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பாதிக்குத் தினம் இருவேளை 120 மில்லிகிராம், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஆறு வருஷம் போல் கவனித்தார்கள். 2008-ல் முடிவு வந்தபோது, மறதிநோய் வருவதை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. எத்தனை பேர் நம்பி வாங்கிச் சாப்பிட்ட மருந்து!

வல்லாரைச் சாறு எலிகளிடம் நல்ல பலன் காட்டியிருக்கிறது. நீர்ப்பிரமி சாப்பிட்ட, நோயில்லாத முதியவர்கள் சிலர் சொற்களைக் கொஞ்சம் கூடுதலாக நினைவு வைத்தார்கள்; அவை சிறிய சோதனைகள். அம்மையின் நிலை வேறு. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கிப் பல வருஷம் கழித்துத்தான் மறதியே வெளியே தெரியும். அத்தனை காலம் நடந்த சேதத்தை ஒரு காப்ஸ்யூல் சரிசெய்யும் என்று விற்கிறவன் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வல்லாரைத் துவையல் தாராளமாகக் கொடு. அம்மைக்குப் பிடித்தமானது. சாக்கடைத் தண்ணீர் பாயும் ஓரத்தில் மட்டும் பறிக்காதே. மண்ணிலுள்ள நஞ்சையும் அது இழுத்துக்கொள்ளும். காப்ஸ்யூலில் ஜின்கோ சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் ரத்தக்கசிவு வரலாம். அம்மை இதயத்துக்கு என்ன மாத்திரை எடுக்கிறார்கள்?

பி12, தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா? அவை குறைந்தாலும் மறதி வரும். அந்த மறதியைப் பல நேரம் மருந்தால் சரிசெய்ய முடியும். காதையும் ஒருமுறை காட்டிவிடு. போன தடவை நான் பேசியதில் பாதி அவர்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

காப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கத்தையும் டாக்டர் சீட்டையும் படம் எடுத்து அனுப்பு. கும்பப்பூ நடவு முடிந்ததும் நானும் வருகிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மூன்று பேரும் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
தங்கப்பன்