இன்டரப்ட் வரவில்லையா? போர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி ஆய்வகத்தில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி போர்டுடன் ஒரு கடிகாரச் சிப்பையோ சென்சாரையோ இணைத்து, இன்டரப்ட் (தன்னைக் கவனிக்கும்படி சாதனம் போர்டுக்கு அனுப்பும் சிக்னல்) வரவில்லை என்றதும் 'போர்டு போச்சு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். புது போர்டுக்குக் காசு கொடுப்பவர்கள் மாணவர்கள். ஒதுக்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குப் பத்து நிமிடம் போதும்.

போர்டில் ஓடும் லினக்ஸில் 'ப்ராக்' அடைவுக்குள் 'இன்டரப்ட்ஸ்' என்ற கோப்பு இருக்கிறது; எந்த இன்டரப்ட் எத்தனை முறை வந்தது என்று அது காட்டும். அதை ஒருமுறை படித்து, சாதனத்தைத் தூண்டிவிட்டு, மறுமுறை படியுங்கள். சாதனத்தை இணைத்த பின்னுக்கு (போர்டின் இணைப்பு ஊசிக்கு) வரியே இல்லையென்றால், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் இன்டரப்டைக் கோரவே இல்லை. எந்தச் சாதனம் எங்கே இணைந்திருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில் தேடுங்கள். வரி இருந்தும் எண் ஏறவில்லையென்றால் மல்டிமீட்டரை எடுத்துப் பின்னின் வோல்ட்டைப் பாருங்கள்.

பலரை ஏமாற்றுவது டிஎஸ்3231 கடிகாரச் சிப். அலாரம் அடித்ததும் அதன் இன்டரப்ட் பின் 0 வோல்ட்டுக்கு இறங்கி, அங்கேயே நிற்கும். சிப்பின் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் அந்த அலாரத்துக்கான பிட்டில் (அலாரம் 1 என்றால் கடைசி பிட்) நாம் 0 எழுதும்வரை மேலே வராது. இறங்குமுகத்தை, அதாவது வோல்ட் கீழே இறங்கும் கணத்தை மட்டும், பார்த்து இன்டரப்ட் எடுக்கும்படி அமைத்திருந்தால் முதல் அலாரம் வேலை செய்யும், அடுத்தது வராது. போர்டை ரீபூட் செய்தாலும் பயனில்லை, ஏனென்றால் சிப்புக்குத் தனி பேட்டரி உண்டு; அந்த பிட் அப்படியே இருக்கும். நேற்று ஒருமுறை வந்த இன்டரப்ட் இன்று ஒருமுறைகூட வராததால்தான் போர்டு கெட்டதாக நினைக்கிறார்கள். அந்த பின்னில் மீட்டர் விடாமல் 0 வோல்ட் அருகே காட்டினால், பிட்டை அழித்துவிட்டு (0 எழுதிவிட்டு) மறுபடி பாருங்கள்.

இந்த பின் ஓப்பன் டிரெய்ன் வகை. கீழே இழுக்கும், தானாக மேலே ஏற்றாது. 3.3 வோல்ட்டுக்கு அதை மேலே இழுத்துப் பிடிக்கும் 4.7 அல்லது 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் தேவை. சிப்பைப் பொருத்திக் கடையில் விற்கும் பல மாட்யூல்களில் (சிறு அட்டைகளில்) ரெசிஸ்டர் முன்பே இருக்கிறது. ஆனால் அது மாட்யூலுக்குத் தரும் சப்ளையோடு சேர்ந்திருக்கும். 5 வோல்ட் கொடுத்தால் அது 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ராஸ்பெரி பையின் பின்னுக்குப் போய்ச் சேரும். போர்டு உண்மையில் கெடுவது இப்படித்தான். சிப் 2.3 வோல்ட்டிலிருந்தே இயங்கும், எனவே மாட்யூலுக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள்.

சிலர் டிவைஸ் ட்ரீயில் இறங்குமுகத்துக்கான 2-ஐ, தாழ்நிலைக்கான (பின் கீழே இருக்கும்வரை இன்டரப்ட் எடுப்பதற்கான) 8 என்று மாற்றிப் பார்ப்பார்கள். பிட்டை அழிக்காமல் இதைச் செய்தால் இன்டரப்ட் மழையாகக் கொட்டும். 1,00,000 இன்டரப்டுகளில் 99,900-க்கு மேல் யாரும் கவனிக்காமல் போனால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 'நோபடி கேர்ட்' (யாரும் கவனிக்கவில்லை) என்று பதிவிட்டு அந்த இன்டரப்ட் இணைப்பையே அடைத்துவிடும். சிப்போடு பேசும் ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக பிட்டை அழிக்க நேரமாகும் என்பதால், அந்த வேலையை டிரைவரின் த்ரெட்டட் ஹேண்ட்லரில் (காத்திருந்து வேலை செய்யக்கூடிய பகுதியில்) வைத்து, அது முடியும்வரை இன்டரப்டை மூடிவைக்கும் ஒன்ஷாட் கொடியையும் சேர்க்க வேண்டும்.

'பழுது' என்று பதிவேட்டில் எழுதும் முன், இன்டரப்ட் எண்ணிக்கையையும் பின்னின் வோல்ட்டையும் அதே வரியில் குறிக்கும்படி ஆய்வகப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எம்பெடட் மென்பொருள் பொறியாளர்,
கோயம்புத்தூர்