டில்லர் வேண்டாம்: மான் பாத்திப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துத் தென்மேற்கு மலைச்சரிவில் என்னோடு கூட்டாக நிலம் வாங்கிய நண்பர்களுக்கும், இதேபோல் நிலம் வைத்து இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குப் போகும் மற்றத் தமிழர்களுக்கும்,

வணக்கம். மான்களை ஈர்க்கத் தீனிப் பயிர் வளர்க்கும் நம் பாத்தியை உழ, டில்லர் என்ற மண் கிளறும் இயந்திரத்தின் வாடகைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பணம் போனாலும் போகட்டும். இந்த ஆண்டு அந்த இயந்திரம் நம் சரிவில் ஏற வேண்டாம்.

அகல உழுவதை விட ஆழ உழு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சமதரை வயலுக்கு அது சரியாக இருக்கலாம். சென்ற ஆண்டு நாம் மண்ணை மாவாகப் பொடித்து டர்னிப் என்ற கிழங்குப் பயிரை விதைத்தோம். மூன்றாம் நாள் பெய்த ஒரே மழையில் விதையும் மேல்மண்ணும் ஓடைக்குப் போயின. எஞ்சிய இடத்தில், உள்ளே உறங்கிக் கிடந்த களை விதைகளை நாமே கிளறி எழுப்பிவிட்டோம். மண்ணரிப்பைத் தடுக்க 1933-இல் இந்த நாடு தன் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதி மண்காப்புத் திட்டத்தை இதே வட்டாரத்துக் கூன் வேலி (Coon Valley) என்ற ஊரில் தொடங்கியது காரணமில்லாமல் அல்ல.

ஜூனில் நான் தூவிய பக்வீட் (விரைவாக வளரும் ஒரு தானியப் பயிர்) இப்போது இடுப்பளவு நிற்கிறது. அதை அழிக்காதீர்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில், மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளுக்கு முந்தைய மாலை, நிற்கும் பயிருக்குள்ளேயே டர்னிப், முள்ளங்கி விதைகளைத் தூவுவோம். பிறகு உருளை இழுத்துப் பயிரைச் சாய்ப்போம். சாய்ந்த தண்டே மூடாக்கு. கடுகு போன்ற விதைக்கு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். பட்டாணி, சோயா மேலே கிடந்தால் காய்ந்துவிடும், அவை வேண்டாம். புல் மண்டிய கீழ்ப்பாத்திக்கு மட்டும் களைக்கொல்லி தேவைப்படும். எனக்கு அது பிடிக்காது, ஆனால் வேரோடிய புல்லை உருளை கொல்லாது.

செப்டம்பர் தொடக்கத்தில் அதன் மேலேயே ஏக்கருக்கு 25 கிலோ ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) தூவுவோம். மூட்டையின் பெயரைப் படித்து வாங்குங்கள்: ரைகிராஸ் என்பது வேறு பயிர், ஒரு தீவனப் புல், நுழைந்தால் எளிதில் போகாது. ரையோ உறைபனிக்குச் சற்று மேலான குளிரிலும் முளைக்கும். மற்றதெல்லாம் கருகிய பின்னும் பச்சையாக நிற்பதால், மான்கள் பனியைக் குளம்பால் கிளறித் தின்னும். வசந்தத்தில் அது ஓங்கி வளர்ந்ததும் அதையும் சாய்த்து, அடுத்த பக்வீட்டை அதற்குள் தூவலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஓக் மரங்கள் தங்கள் கொட்டைகளைக் கொட்டித் தீர்க்கும் ஆண்டில் மான்கள் எந்தப் பாத்தியையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, உழுதாலும் சரி, உழாவிட்டாலும் சரி. அதனால் பாத்தி நடுவே ஒரு கம்பிக்கூண்டு வைப்போம். கூண்டுக்குள் வளர்ந்ததையும் வெளியே மிஞ்சியதையும் ஒப்பிட்டால், எவ்வளவு தின்றன என்பது தெரிந்துவிடும். அப்போது சண்டை போடலாம்.

விதை என் கொட்டகையில் இருக்கிறது. உருளை இழுக்க இரண்டு பேர் வேண்டும்.

உங்கள் பங்காளி