செயலாளர் ஆண்டறிக்கை: ஆத்தங்குடிக் கல்லில் நாலு பாடம்

தலைவர் அவர்களுக்கும், ஆசிரியர், பெற்றோர் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அறிவியலை மற்றப் பாடங்களோடு சேர்த்து நடத்திப் பார்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோமே, அதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை, பூவேலைத் தரைக்கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்கு அழைத்துப் போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைப் போட்டுக் கல் வார்ப்பதைப் பார்த்தார்கள். "சூளை எங்கே?" என்று ஒரு மாணவி கேட்டாள். சூளையே கிடையாது. வார்த்த கல்லை உலரவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஈரம் காய்ந்தால்தான் கல் இறுகும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தண்ணீரோடு வினைபுரிவதால்தான் சிமெண்டு இறுகுகிறது என்பதை அந்தத் தொட்டியருகே வைத்தே அறிவியல் ஆசிரியை விளக்கினார். கல்லின் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடும் வீட்டுக் கதவில் பிடிக்கும் துருவும் ஒரே இனம் என்றதும் ஒரே பேச்சு! துருப்பிடிப்பதைத் தடுக்க ஆய்வு செய்யும் மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததை அங்கேயே சொன்னோம்.

அப்புறம் கணக்கு ஆசிரியர் அட்டையில் வெட்டிய வடிவங்களைக் கொடுத்தார். சதுரமும் சமபக்க முக்கோணமும் ஒழுங்கு அறுகோணமும் இடைவெளியின்றித் தரையை நிரப்பின. ஒழுங்கு ஐங்கோணம் மட்டும் அடம்பிடித்தது. அதன் கோணம் 108 பாகை. மூன்றைச் சேர்த்தால் 324தான். மீதி 36 பாகை இடைவெளியை ஒரு பையன் விரலால் தொட்டுக் காட்டினான்.

அடுத்த வாரம் ஓர் ஆச்சி தம் பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவை, அதாவது முற்றமுள்ள உள்கட்டைத் திறந்துவிட்டார். பர்மாத் தேக்குத் தூணும் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவரும் வரலாற்றுப் பாடமாயின. சுட்ட சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாவதையும் சேர்த்துப் படித்தார்கள். ஆச்சி சொன்ன கட்டடச் சொற்களைத் தமிழ் வகுப்பில் தொகுத்தார்கள். அகராதி பார்த்து எழுதியதைவிட அது உயிரோடு இருந்தது என்பேன்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. ஒரு பள்ளியில், பாடப்பகுதி முடியாது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் இதைப் பாடத்துக்கு வெளியே நடக்கும் சுற்றுலாவாக நினைத்ததுதான் எனக்கு வருத்தம். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் இது அடங்காது என்பதும் உண்மைதான்.

சரி, வரும் ஆண்டுக்கு ஊருணியை எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். அதற்கு மாதம் ஒரு முறை அடுத்தடுத்து இரண்டு பாடவேளை ஒதுக்கும்படி தலைமையாசிரியர்களைக் கேட்கும் தீர்மானத்தை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.