முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு டேப்லெட் வேண்டாம், திடல் கதவைத் திறங்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். சங்கத்தில் எனக்குப் பதவி எதுவும் இல்லை. ஆனால் விடிவதற்கு முன்னாலும் மத்தியானம் பள்ளி விட்ட பிறகும் உங்கள் பிள்ளைகள் என் கண் முன்னால்தான் இருக்கிறார்கள். முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளுக்கு நன்கொடைப் பணத்தில் ஆளுக்கொரு டேப்லெட் வாங்கித் தரலாம் என்று கோப்பிக் கடையில் பேச்சு அடிபடுகிறது. வெறும் பேச்சு என்றால் சந்தோஷம். உண்மை என்றால், பணம் கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

யோசனை எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. 2020 மார்ச் 18-ல் கொரோனாவுக்காக மலேசியா முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடின, இல்லிருப்புக் கற்றல் என்றார்கள். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி, அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அன்றைக்கு யாராவது ஒரு டேப்லெட் நீட்டியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். இன்றைக்கு என் வேனில் வரும் பிள்ளைகளில் கைப்பேசி கிடைக்காமல் தவிக்கிறவர் யாரும் இல்லை. கையிலிருந்து அதை வாங்குவதுதான் பெரும்பாடு.

காலையில் வேன் கதவருகே அந்தக் கூத்து நடக்கும். இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன், அம்மா கைப்பேசியைப் பிடுங்கியதும் ஆரம்பிக்கும் அழுகை முச்சந்தி தாண்டியும் நிற்காது. பக்கத்தில் இருப்பவன் நாசி லெமாக் பொட்டலத்தை நீட்டினாலும் தட்டிவிடுவான். இன்னும் இரண்டு பேர் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். "எத்தனை மணிக்குடா படுத்த?" என்றால், "தெரியல அங்கிள், யூடியூப் ஓடிக்கிட்டே இருந்துச்சு" என்கிறான் ஒருவன். அது அப்படித்தான் ஓடும். ஒரு காணொளி முடியும் முன்பே அடுத்தது காத்திருக்கும்படிதான் செய்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களாலேயே நிறுத்த முடியாததை ஏழு வயதில் யார் நிறுத்துவார்? இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ஐந்தரைக்கு எழும் பிள்ளை எட்டரைக்குள் தூங்கியிருக்க வேண்டும். அதில் குறைந்த பிள்ளைதான் வகுப்பில் எரிந்து விழுகிறது, பாடத்தில் மனம் நிற்காமல் தவிக்கிறது. அதற்கு நாம் சூட்டும் பெயர் 'அடம்'.

அப்புறம் கண். பள்ளி விடும் நேரம் வேன்கள் வரிசையாக நிற்கும், முன் கண்ணாடியில் எண் ஒட்டியிருக்கும். முன்பெல்லாம் வாசலில் இருந்தே என் வேனைக் கண்டுபிடித்து ஓடி வருவார்கள். இப்போது சில பிள்ளைகள் வேறொரு வேனின் முன்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். கண் பரிசோதனை செய்யச் சொன்னால், "இந்த வயசிலயா?" என்று அம்மாக்களுக்கு ஆச்சரியம்.

கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி அளவுக்கு மீறி நீண்டு வளர்வதால் வருவது. ஓயாமல் பக்கத்திலேயே பார்ப்பதும் வெளி வெளிச்சத்தில் போதிய நேரம் இல்லாததும் சேர்ந்து அதைத் தூண்டுகின்றன. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள்; வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூட பல ஆயிரம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து விழி நீள்வதைத் தடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். தைவான் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே இருக்கவைக்கத் திட்டம் போட்டது. வருடா வருடம் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைவு, அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்?

பஞ்சம் இடத்துக்குத்தான். தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் பிள்ளையை அங்கே விட்டுப் போவார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் வீடமைப்புப் பகுதிக்கு வந்த பிறகு ஆயா வேலையைக் கைப்பேசி பார்க்கிறது. அம்மா அப்பா இரண்டு பேரும் தொழிற்சாலையில் ஷிஃப்ட், வாசலில் லாரி ஓடும் சாலை. பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நான் பிள்ளை ஏற்றும் பள்ளியில் அத்தனை பெரிய திடல் மத்தியானம் இரண்டு மணிக்குப் பூட்டிக் கிடக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எங்கே ஓடுவது?

16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று அரசாங்கம் சொல்வது நல்லதுதான். ஏழு வயதுப் பிள்ளை பார்ப்பதோ அப்பாவின் கணக்கில், அம்மாவின் கைப்பேசியில்.

அந்த நன்கொடைப் பணத்தில் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை திடலைத் திறந்துவைத்து, பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். மிஞ்சினால் பந்து வாங்குங்கள். டேப்லெட்டை ஐந்தாம் ஆறாம் ஆண்டுக்கு, பள்ளிக்குள்ளேயே பயன்படுத்த வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னொன்று, வீட்டுப்பாடத்தை இரவு எட்டு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பும் பழக்கத்தைச் சின்ன வகுப்புகளுக்காவது நிறுத்தச் சொல்லி ஆசிரியர்களிடம் பேசுங்கள். பாடம் பார்க்கத்தான் என்று கைக்குப் போகும் கைப்பேசி பாடத்தோடு திரும்பி வருவதில்லை.

வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் செவ்வாயும் வியாழனும் திடல் சாவியை என்னிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் எனக்கு ஓட்டம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு பள்ளி வேன் ஓட்டுநர்