பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்: அந்த மாளிகையில் தங்குங்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

வணக்கம். லண்டனுக்கு வெளியே ஒரு பழைய மாளிகை ஓட்டலில் இரண்டு இரவு உங்களைத் தங்கவைக்க அண்ணன் நினைக்கிறார் என்றும், பழைய வீட்டில் படுத்து எழுந்திருக்க இவ்வளவு பணமா என்றும் கேட்டிருந்தீர்கள். மறுக்காமல் சரி சொல்லுங்கள். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து, இவற்றை இனி யார் கட்டிக் காப்பார்கள் என்று வருந்தியவர் நீங்கள் என்பதால், காரணத்தையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதே கவலை இங்கிலாந்திலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானிய விலை சரிந்து நில வருமானம் குறைந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது 1894இல் விதிக்கப்பட்ட வரி ஏறிக்கொண்டே போய், 1949இல் மிகப் பெரிய சொத்துகளுக்கு 80 சதவீதத்தைத் தொட்டது. கூரை ஒழுகுவதைக்கூடச் சரிசெய்ய முடியாத வாரிசுகள் கைவிட்டதில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. தப்பியவற்றில் சில பள்ளிகளாயின, சில ஓட்டல்களாயின. நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு அந்தக் கூரைக்குத்தான் போகிறது.

இடத்தை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பக்கிங்ஹாம்ஷயரில் எய்ல்ஸ்பரி ஊருக்கு அருகிலுள்ள ஹார்ட்வெல் ஹவுஸைச் சொல்வேன். புரட்சியால் நாடிழந்த பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயி, 1809 முதல் 1814 வரை இங்குதான் குடியிருந்தார். உடன் வந்த பரிவாரத்துக்கு இடம் போதாமல் பெரிய அறைகளைத் தடுத்துச் சிறு அறைகளாக்கினார்கள். கூரைமேல் தொட்டிகளில் காய்கறி பயிரிட்டு, கூண்டுகளில் கோழியும் முயலும் வளர்த்தார்கள். அரசி 1810இல் இந்த வீட்டிலேயே காலமானார். அரியணை திரும்பக் கிடைத்தபோது அதற்குரிய ஆவணத்தில் மன்னர் கையெழுத்திட்டதும் இங்குள்ள நூலகத்தில்தான். அருங்காட்சியகமாக இருந்தால் வாசலில் கயிறு கட்டி, எட்டிப் பார்த்துவிட்டு நகரச் சொல்வார்கள். இங்கே நீங்கள் அந்த நூலகத்திலேயே உட்கார்ந்து மாலைத் தேநீரை ஆற அமரக் குடிக்கலாம். மாடிப்படியின் கைப்பிடித் தூண்களில் மரத்தில் செதுக்கிய மனித உருவங்கள் வரிசையாக நிற்கும். இறங்கும்போது ஒவ்வொன்றின் முகத்தையும் பாருங்கள்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1698 முதல் 1709 வரை ஆளுநராக இருந்த தாமஸ் பிட், இங்கே வாங்கிய ஒரு பெரிய வைரத்தை 1717இல் பிரான்சுக்கு விற்றார். கிடைத்த பணத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பொகானக் என்ற மாளிகையையும் நிலங்களையும் வாங்கினார். சிறுவனாக இருந்த பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் சார்பில் அந்த வைரத்தை வாங்கியவர் அன்றைய ஆட்சிப் பொறுப்பாளர். ஹார்ட்வெல்லில் அடைக்கலம் புகுந்தவர் அந்தப் பதினைந்தாம் லூயியின் பேரன். வைரம் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. ஆங்கிலேய மாளிகைகளின் அழகில் நான் மனதைப் பறிகொடுத்தவள்தான். ஆனாலும் அவற்றுள் பலவற்றுக்கு அஸ்திவாரம் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு ரசிக்க என்னால் முடியவில்லை. நாற்பது வருடம் சரித்திரம் நடத்திய உங்களாலும் முடியாது. அதனால்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நடைமுறைக்கு வருகிறேன். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் நினைத்தபடி லிஃப்ட் பொருத்திவிட முடியாது. ஆகவே உங்கள் முழங்காலைச் சொல்லித் தரைத்தள அறையாகக் கேட்கச் சொல்லுங்கள். ஓர் அறையைப் போல மற்றோர் அறை இருக்காது என்பதால், எந்த அறை என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது, முட்டையும் கூடாது என்பதையும் எழுதியே தெரிவிக்க வேண்டும். லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து எய்ல்ஸ்பரிக்கு ரயிலில் ஒரு மணி நேரம்போல ஆகும்; அங்கிருந்து டாக்ஸி. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இத்தகைய ஓட்டல்களில் பெரும்பாலும் வாடகை குறையும். ஞாயிறு, திங்கள் என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை மகள்
மயிலாப்பூர், சென்னை